காற்று வேண்டாத பட்டம்

அறுபது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான்கு டன் இரும்பை முட்டையை இறக்கி வைப்பதுபோல் இறக்கி வைக்கிறவளுக்கு, கால் கிலோகூடத் தேறாத ஒரு பட்டம் ஆறு வாரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. வேலையிடத்தில் அவள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவள் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவாள். கீழே நிற்கிற ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மேலிடம்'. "மேலிடத்தைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று மேஸ்திரி யாரிடமாவது சொன்னால், கேட்பவர் ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். சாது. ஜன்னலைத் திறக்கலாமா வேண்டாமா என்பதற்குக்கூட, "மேலிடம் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கொக்கியில் கை வைப்பார்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தது பெண், ஏழு வயது, எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் 'வக்கீல்'. சின்னது பையன், நாலு வயது. இரண்டு கால் நன்றாக இருந்தும் பத்தடி நடந்ததும் கையைத் தூக்கி, "தூக்கு" என்று நின்றுவிடுவான். எங்கே போனாலும் யாராவது சுமக்க வேண்டும் என்பதால் அவன் பெயர் 'பொட்டலம்'.

வக்கீலுக்கு அம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு ஊரில் துறைமுக வேலை ஒன்று வந்திருந்தது. மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும். குளிர்காலம் முடிகிற நேரத்தில் இந்தச் செய்தியைச் சொன்னபோது, வக்கீல் அழவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சரி, போ" என்றாள். அந்தச் 'சரி'யைத்தான் தாங்க முடியவில்லை. உடனே அம்மா சொல்லிவிட்டாள்: "நான் போறதுக்குள்ள நாம எல்லாரும் சேர்ந்து ஒரு பட்டம் விடறோம். வானத்துல நிக்க வைக்கறோம். அம்மா சொன்னா சொன்னதுதான்."

பட்டத்தைத் தையல்காரர் தைத்தார். ஆமாம், தைத்தார். அவருக்கு ஒட்டத் தெரியாது. நீலநிறக் குடைத்துணியை அளந்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெட்டி, ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து அடித்து, குச்சி நுழைய உறை வைத்து, கோட்டு லைனிங் துண்டுகளை இணைத்து வால் வைத்தார். உள்தையல் வெளியே தெரியவில்லை. அப்படி ஒரு கச்சிதமான பட்டம் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அவள் மனதாரச் சொன்னாள். நூலுக்கும் குறைவில்லை. தார்ப்பாய் தைக்கிற முறுக்கு நூல், ஒரு கட்டை நிறைய.

வசந்தத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மரங்களில் துளிர் விட்டிருந்தது. தெருவில் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். அவள் எழுந்ததும் முதல் வேலையாகப் போனைப் பார்த்தாள். கிரேன் உச்சியில் ஒரு காற்றுமானி உண்டு. அது காட்டுகிற எண் அவள் போனிலும் வரும். வினாடிக்கு ஏழு மீட்டர் என்று காட்டியது.

"இன்னிக்கு வேணாம்" என்றாள். "காத்து ஏழு. அடுத்த வாரம் போகலாம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. காற்றைப் பற்றி அந்த வீட்டில் அவளுக்குமேல் பேச ஆள் கிடையாது.

அடுத்த ஞாயிறு எண் ஒன்றரையில் நின்றது. இலை அசையவில்லை. "அருமையான நாள்! கிளம்புங்க, கிளம்புங்க" என்று எல்லோரையும் விரட்டினாள். ஊருக்கு வெளியே, நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு புல்மேடு இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து கால் மணி நேர நடை. பொட்டலம் வழக்கம்போல் பத்தாவது அடியில் நின்றான். அப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். மேட்டில் நாய் ஒன்றும், அதை நடத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவரும்தான் இருந்தார்கள். வேறு ஒரு பட்டமும் இல்லை.

"பாத்தீங்களா, எடம் முழுக்க நமக்கே" என்றாள் அவள் பெருமையோடு.

சிரிக்காதீர்கள். பதினோரு வருடமாக அவளுக்குக் காற்று என்றால் ஒரே அர்த்தம்தான். காற்று ஏறினால் பளுவை இறக்கு, கொக்கியைக் காலி பண்ணு, எண் பத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்து. இரும்பு விட்டத்தையே ஆட்டிப் பார்க்கிற காற்று, குடைத்துணியைச் சும்மா விடுமா? கிழித்து எறிந்துவிடும் என்றுதான் அவள் புத்தி சொன்னது. பட்டம் எப்படி மேலே போகும் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள்: ஓடினால் போகும். படப்புத்தகத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அவள் சின்ன வயதில் பட்டம் விட்டதில்லை. தையல்காரரோ கடைகளுக்கு நடுவில், வானம் ஒரு முழத் துண்டாகத் தெரிகிற சந்தில் வளர்ந்தவர்.

எனவே ஓடினார்கள். அப்பா பட்டத்தை உயர்த்திப் பிடிக்க அம்மா நூலோடு ஓடினாள். பிறகு அம்மா பிடிக்க அப்பா ஓடினார். பிறகு வக்கீல் ஓடினாள். கட்டி இழுத்த ஆட்டுக்குட்டிபோலப் பட்டம் தரையிலேயே தொத்தித் தொத்தி வந்தது. பொட்டலம் மட்டும் அதற்குக் கைதட்டினான். பட்டம் என்றால் புல்லில் இழுப்பது என்றே நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

பட்டம் போகாவிட்டால் என்ன, நாள் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் மேட்டிலிருந்து உருண்டு உருண்டு வந்து, தலைமுடியெல்லாம் புல்லாக எழுந்தார்கள். ஆரஞ்சு உரித்தார்கள். வக்கீல் ஒரு புள்ளி வண்டைப் பிடித்து, அதன் முதுகில் எத்தனை புள்ளி என்று தம்பியிடம் வாதாடினாள். தண்ணீர் ஓரத்தில் சேற்றில் கால் வைத்துவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்தார்கள். ஆனால் படுக்கப் போகும்முன் வக்கீல் கேட்டாள்: "அம்மா, நீ நாலு டன் தூக்குவல்ல? அப்புறம் ஏன் இதைத் தூக்க முடியல?"

அன்றிலிருந்து தம்பதி இருவரும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். தையல்காரரின் கண்ணுக்குப் பிழை துணியில் இருந்தது. "தோள்பட்டை இறுக்கமா இருக்கு. அதான் கையைத் தூக்க முடியல அதுக்கு" என்று சொல்லி, பிரித்து, இரண்டு விரற்கடை துணி விட்டுத் தைத்தார். கிரேன்காரியின் கண்ணுக்குப் பிழை பளுவில் இருந்தது. பட்டத்தைக் கதவு நிலையில் கட்டித் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "வலது பக்கம் கொஞ்சம் கனம்" என்று தீர்ப்புச் சொன்னாள். வாலைக் குறைத்தார்கள், நீட்டினார்கள். குச்சியை இழைத்தார்கள். நூல் கட்டுகிற இடத்தை மூன்று தடவை மாற்றினார்கள். அவரவர் தொழில் அவரவர் கண்ணை மறைத்தது என்று இப்போது நான் சொல்லலாம். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடி ஒரு ஞாயிறு எட்டு காட்டியது, போகவில்லை. அடுத்தது ஒன்று காட்டியது, குஷியாகப் போனார்கள், இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். இப்படியே ஆறு ஞாயிறு. மூன்று தடவை போனார்கள், மூன்று தடவை ரத்து. மூன்றாவது தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "பரவாயில்லம்மா" என்றாள். "எல்லாருக்கும் எல்லாம் வராது." ஏழு வயதுப் பெண் வாயிலிருந்து அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. தோற்றது பட்டமில்லை, தன் பேச்சு என்று நன்றாகப் புரிந்தது.

ஏழாவது ஞாயிறுதான் கடைசி. திங்கட்கிழமை விடிந்தால் ரயில். பெட்டி கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. பட்டம் அதன்மேல் படுத்திருந்தது. நாலாவது தடவையாகப் பிரித்துத் தைத்தது. தையல்காரர் முந்தின நாள் கடையையே சீக்கிரம் சாத்திவிட்டு வந்து முடித்திருந்தார்.

காலையில் அவள் போனைப் பார்த்தாள். எட்டரை.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். எட்டே முக்கால். மாடி ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஷூ போட்டுக்கொண்டு, ரொட்டியும் ஜாமும் வைத்த டப்பாவோடு தயாராக நின்றார்கள்.

"ஏங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

தையல்காரருக்கு அந்தக் குரல் தெரியும். "எவ்வளவு?"

"கிட்டத்தட்ட ஒம்போது."

"நாளைக்கு நீ போகணுமே."

"நான் என்ன பண்ண முடியும்? காத்து நான் சொன்னா கேக்குமா?"

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். காற்று உள்ளே புகுந்து, மேஜைமேல் கிடந்த தையல் ரசீதுகளை வீடு முழுக்கப் பறக்க விட்டது. தையல்காரர் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினார். பொட்டலமும் கூடவே ஓடினான்.

"அம்மா" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. அழுகைக் குரல் இல்லை. கோர்ட்டில் கேட்கிற குரல். "அப்ப அதெல்லாம் என்ன?"

"எதெல்லாம்?"

"வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். ஐந்தாவது மாடி அது. வீட்டுக் கூரைகளைத் தாண்டி, தூரத்தில் நீர்த்தேக்கத்துப் புல்மேடு தெரியும். அவள் கண்ணுக்கு எட்டாத தூரமே கிடையாது; அறுபது மீட்டர் மேலிருந்து கொக்கி நுனியைப் பார்த்துப் பழகிய கண். மேட்டுக்குமேலே வானத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள் நின்றன. ஒன்று, இரண்டு என்று உதடு அசையாமல் எண்ணினாள். பதினாலு பட்டங்கள். நின்ற இடத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தன. ஒரு ஆள்கூட ஓடவில்லை.

பக்கத்தில் தையல்காரர் வந்து நின்றார். ரசீதுகளைக் கையில் திணித்துக்கொண்டு அவரும் பார்த்தார். பார்த்தார், மனைவியைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக அசடு வழிய ஆரம்பித்தது.

"நாலு தடவை பிரிச்சுத் தைச்சேன்" என்றார்.

அவள் தலைக்குள் ஆறு ஞாயிறுகளும் வரிசையாக ஓடின. போன நாட்களிலெல்லாம் போகாமல் இருந்திருக்க வேண்டும். போகாத நாட்களில்தான் போயிருக்க வேண்டும். இடம் முழுக்க நமக்கே என்று சொன்னதை நினைத்ததும் காது மடல் சூடாகியது. விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

வேலையில் தப்பு நடந்தால் அவள் மென்று விழுங்குகிற ஆளில்லை. வாக்கி-டாக்கியை எடுத்து, கீழே இருக்கிற எல்லோர் காதிலும் விழும்படி, "என் தப்பு, திரும்ப எடுக்கறேன்" என்பாள். அதனால்தான் அவளை நம்பிப் பளுவுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். இப்போதும் அப்படியே மகளுக்கு நேராகக் குனிந்தாள்.

"என் தப்புடி. முழுக்க என் தப்பு. பட்டத்துக்குக் காத்து வேணும். நான் காத்து இல்லாத நாளாப் பாத்துப் பாத்துக் கூட்டிட்டுப் போயிருக்கேன்."

வக்கீல் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "உனக்கு எப்படிம்மா தெரியாம போச்சு?"

"எனக்குக் காத்துன்னா பயம். வேலைப் பயம். அது மூளையில ஏறி உக்காந்துடுச்சு."

"அப்பாக்கு?"

"எனக்கு எல்லாமே ஆல்டரேஷன்" என்றார் அப்பா பரிதாபமாக.

வக்கீல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தீர்ப்பு எழுதுகிறவள்போல, "சரி, கிளம்புங்க" என்றாள்.

கிளம்பினார்கள் என்றா சொல்வது, பறந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கால் மணி நேர நடையை ஏழு நிமிடத்தில் கடந்தார்கள். பொட்டலத்தை அவள் ஒரு கையில் அள்ளிக்கொண்டாள், பட்டத்தை இன்னொரு கையில். பட்டம் வழியிலேயே திமிறியது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடாக இருந்தது. இதற்கு உயிர் இருக்கிறது என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

மேட்டில் கால் வைக்க இடமில்லை. குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பந்து, போர்வை, தள்ளுவண்டி, காதைப் பிளக்கும் சத்தம். அந்த நாய்க்காரப் பெரியவர்கூட ஒரு பட்டம் வைத்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "ஓ, இன்னிக்கு வந்துட்டீங்களா!" என்று வாய்நிறையச் சிரித்தார். மூன்று ஞாயிறும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனுஷர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தையல்காரர் அவரை முறைத்துவிட்டுப் பட்டத்தைப் பிரித்தார்.

ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அப்பா பட்டத்தை உயர்த்திப் பிடித்ததும், அவர் விடுவதற்கு முன்பே அது பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. ஆள் உயரம், மர உயரம், அதற்குமேல். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துக் குடும்பத்துக் கைக்குழந்தை விழித்துக்கொண்டது.

நூல்கட்டை அவள் கையில் இருந்தது. பதினோரு வருடம் பளு தூக்கியிருக்கிறாள்; ஆனால் எல்லாம் நெம்புகோல் வழியாக. எதையும் கையால் உணர்ந்ததில்லை. இதுவோ விரல் நுனியிலேயே இழுத்தது. திடீரென்று ஒரு வீச்சுக் காற்று வந்தது. பட்டம் பக்கவாட்டில் சாய்ந்து ஆடியது. அவள் உடம்பு தானாக இறுகியது. கட்டையை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துப் பிடித்தாள். நூல் விண்ணென்று விறைத்தது. பட்டம் ஒரு வட்டம் போட்டது, இரண்டாவது வட்டம் போட்டது, தலைகீழாக வந்து புல்லில் மோதியது.

"போச்சு" என்றான் பொட்டலம், எல்லோருக்கும் பொதுவாக.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். குச்சி ஒடியவில்லை. இடது ஓரத்தில் துணி ஒரு சாண் கிழிந்திருந்தது. வக்கீலின் உதடு பிதுங்கியது. இனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார வேண்டியதுதான் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

தையல்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் காலரைத் திருப்பினார். அதன் உள்பக்கத்தில் ஊசி, நூல் கோத்தபடியே. ஊசி இல்லாமல் அவர் சாப்பிடக்கூட உட்காரமாட்டார். பட்டத்தை மடியில் போட்டு, சுற்றிலும் அத்தனை கூச்சலுக்கு நடுவில், கடையில் உட்கார்ந்திருப்பதுபோலத் தைத்தார். ஐந்து நிமிடம். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இது உருப்படியான ஆல்டரேஷன்" என்று சொல்லிப் பட்டத்தை நீட்டினார். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் மிடுக்கு வந்திருந்தது.

அவர் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் யோசித்துவிட்டாள். பெருங்காற்று வரும் என்றால் கிரேனை எப்படி விட்டுவிட்டு இறங்குவார்கள்? கட்டிப் போட்டுவிட்டு இல்லை. அதன் நீளக் கையைத் திரும்ப விடாமல் பிடிக்கிற பிரேக்கை எடுத்து விட்டுவிட்டு இறங்குவார்கள். அந்த நீளக் கை காற்று போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு தப்பித்துக்கொள்ளும். பிடித்து நிறுத்தினால்தான் ஆபத்து. இது அவளுக்குத் தெரியாததா? எத்தனை முறை தன் கையாலேயே எடுத்து விட்டிருக்கிறாள்!

"மறுபடி தூக்குங்க" என்றாள்.

இந்தத் தடவை வீச்சுக் காற்று வந்ததும் அவள் பிடிக்கவில்லை. நூலை ஓடவிட்டாள். கட்டை உள்ளங்கையில் உருண்டு உருண்டு நூலைக் கொடுத்தது. பட்டம் சாய்ந்தது, பின்வாங்கியது, நிமிர்ந்தது, பிறகு அங்கேயே உயரத்தில் நிலைகொண்டது. காற்று தணிந்ததும் கொஞ்சம் இழுத்தாள், இன்னும் ஏறியது. அவ்வளவுதான் வித்தை. நீலப்பட்டம் மற்ற பதினாலையும் தாண்டி மேலே போய் நின்றது. அது தையல்காரரின் கைவேலை. கோணல் ஒரு நூல் அளவுகூட இல்லை. நாய்க்காரப் பெரியவர் தன் பட்டத்தை விட்டுவிட்டு இதை அண்ணாந்து பார்த்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"என் கையில குடும்மா" என்றாள் வக்கீல்.

"இரு, ஸ்டெடியாகட்டும்."

"குடும்மா."

"இழுப்பு ஜாஸ்தியா இருக்குடி. விரல்ல சுத்திக்கும். முதல்ல கையுறை போடணும், அப்புறம் காலை அகட்டி வெச்சு நிக்கணும், அப்புறம் நான் சொல்லும்போதுதான்..."

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ இருக்க மாட்ட" என்றாள் வக்கீல். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோல, உள்ளதைச் சொன்னாள். "எனக்கு இப்பவே தெரியணும்."

எட்டரை மீட்டர் காற்றில் ஒரு பெண் அழுதால் யாருக்கும் தெரியாது, கண்ணில் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் அழவில்லை. பாக்கெட்டிலிருந்து தன் வேலைக் கையுறையை எடுத்து மகளின் கையில் மாட்டினாள். பாதி விரல் காலியாகத் தொங்கியது. கட்டையைக் கொடுத்து, பின்னால் நின்று, ஸ்வெட்டரின் தொப்பியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் பொட்டலம் காணாமல் போயிருந்தான். தேடினால், தண்ணீர் ஓரத்திலிருந்து தானே நடந்து வந்துகொண்டிருந்தான். இரண்டு பாக்கெட்டும் பிதுங்க, கையிலும் கூழாங்கற்கள். கால்சட்டை இடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நேராக வந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அவள் ஷூமேல் உட்கார்ந்தான்.

"என்னடா இது?" என்றார் அப்பா.

"அக்கா பறந்துடுவா. நான் வெயிட்டு."

கிரேன்காரியின் பிள்ளை. பின்னால் எதிர்ப்பளு இல்லாமல் எதையும் தூக்கக் கூடாது என்று எப்போதோ அம்மா சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறான். தையல்காரர் சிரித்துச் சிரித்து, கடைசியில் புல்லிலேயே மல்லாந்து படுத்துவிட்டார்.

வக்கீல் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணை வானத்திலேயே வைத்திருந்தாள். காற்று வீசியபோது விட்டாள், தணிந்தபோது இழுத்தாள். ஒரு தடவை அதிகம் விட்டுவிட்டாள். பட்டம் தொய்ந்து இறங்கியது. அவள் அம்மா வாயைத் திறந்தாள், சொல்லாமல் மூடிக்கொண்டாள். மகளே சுதாரித்துக்கொண்டு மூன்று எட்டுப் பின்னால் நடந்து நூலைச் சுற்றினாள். எதிர்ப்பளுவும் காலோடு சேர்ந்து இழுபட்டான். பட்டம் மறுபடி ஏறியது. எந்த நேரத்தில் தொப்பியிலிருந்து கையை எடுத்தோம் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

அப்படியே மத்தியானம் வரை விட்டார்கள். ரொட்டியை நின்றுகொண்டே தின்றார்கள். ஒருவர் பிடிக்க இன்னொருவர் வாயில் ஊட்டினார். தையல்காரர் தன் முறை வந்தபோது, பட்டத்தின் தோள்பட்டை இப்போது சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விளக்கினார். பொட்டலம் கல்லையெல்லாம் இறக்கிவிட்டு, மூன்று தடவை மேட்டில் தானாக ஏறி உருண்டான். யாரையும் தூக்கச் சொல்லவில்லை. நல்ல நாள். வாழ்க்கையில் சில நாட்களை இதற்குமேல் அளந்து பார்க்கத் தேவையில்லை.

வெயில் சாய ஆரம்பித்ததும் இறக்கினார்கள். வக்கீல் நூலைச் சுற்றினாள், அம்மா எதிரில் மண்டியிட்டு நூலில் சிக்கெடுத்துக் கொடுத்தாள். நாளைக்கு ரயில் என்ற பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

"அம்மா" என்றாள் வக்கீல், சுற்றுவதை நிறுத்தாமல்.

"ம்."

"அங்கயும் காத்து ஜாஸ்தியானா வேலையை நிறுத்திடுவாங்களா?"

"நிறுத்துவாங்க. இறங்கி வந்து சும்மா உக்காந்திருக்கணும்."

"அப்ப எனக்குப் போன் பண்ணு. நான் பட்டம் எடுத்துட்டு இங்க மேட்டுக்கு வந்துடறேன்."

அவள் சிக்கெடுப்பதை நிறுத்தினாள். கணக்கு தவறாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. பிள்ளையை ஏமாற்றவும் மனம் வரவில்லை. "அது வேற ஊருடி கண்ணு" என்றாள் மெதுவாக. "அங்க அடிக்கற காத்து இங்க அடிக்காது."

"தெரியும்மா" என்றாள் வக்கீல். "நீ போன் பண்ணு."